எதைக் கட்ட?

அந்த மாடியில் இருந்த ஐந்து வருடமும் நான் அவருக்குத் தெரியாமல் வெளியே போனதில்லை. என் கதவுப் பூட்டுத் திரும்பும் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டுக் கதவு, உட்சங்கிலி விட்ட அளவுக்கு, நாலு விரல் அகலம் திறக்கும். அந்த நாலு விரல் இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் என்னைத் தோளிலிருந்து பாதம் வரை வாசிக்கும்.

“பச்சைச் சேலை. மஞ்சள் கரை. மண்ணிறச் செருப்பு, இடக்கால் வார் தைச்சது. கறுத்த கைப்பை. மணிக்கூடு...” ஒரு நிறுத்தம். “மணிக்கூடு கட்டேல்லையோ பிள்ளை?”

“இல்லை அன்ரி. போனிலதான் நேரம் பார்க்கிறனான்.”

“ஓம். கட்டேல்ல.”

கதவு சாத்தும். சங்கிலி ஒருமுறை ஆடும். நான் படியிறங்குவேன், உடம்பில் இருந்த ஒவ்வொரு துணியும் திடீரென்று கனக்க.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையின் கடைசிக் கட்டடம் அது. ரயில் போனால் கண்ணாடி அலுமாரி பல் கடிக்கும். உப்புக் காற்று யன்னல் கம்பிகளை ராவாகப் பகலாகத் தின்னும். வாடகை குறைவு, அதனால் ரயிலையும் உப்பையும் பொறுத்துக்கொண்டேன். அந்த எதிர்வீட்டுக் கண்ணைப் பொறுக்கத்தான் நாளெடுத்தது. கட்டடத்தில் எல்லோரும் அவரைச் ‘சீசீரீவி அன்ரி’ என்றார்கள். கீழ் வாசலில் கதிரை போட்டிருந்த காவலாளி, “உட நோனா கமரா எகக் வகே, மிஸ்,” என்று சிரிப்பார். மேல்வீட்டு அம்மா ஒரு கமரா மாதிரி. ‘அவர் இருக்கும்போது எனக்கு என்ன வேலை’ என்பது காவலாளியின் பகிடி.

கமரா என்றால் முகத்தையும் பிடிக்குமே. அன்ரி முகத்தைப் பார்ப்பதேயில்லை. பேசும்போதுகூட அவருடைய பார்வை என் காலரில், கைப்பை வாரில், மணிக்கட்டில் நிற்கும். ஒருமுறை நான் மூக்குத்தி குத்திக்கொண்டு வந்து பத்து நாள் திரிந்தேன், கண்டதாகவே காட்டவில்லை. கேட்டதற்கு, “முகத்தைச் சொல்ல வராது பிள்ளை,” என்றார். “வட்ட முகம், மாநிறம் எண்டு சொன்னால் கோல் ரோட்டில நாலாயிரம் பேர் வருவினம். நீலச் சேட்டு, மூண்டாவது பொத்தான் வெள்ளை நூலால தைச்சது எண்டு சொல்லு. ஒரு ஆள்தான் வருவான்.”

இப்போது நான் ஹெந்தளையில் இருக்கிறேன். வேறு கதவு, வேறு பூட்டு. ஆனாலும் காலையில் சாவியைத் திருப்பியதும் என் முதுகு அந்தக் குரலுக்காக ஒரு கணம் பொறுத்துத்தான் நகர்கிறது.

அவருக்கு அறுபது இருக்கும். மெலிந்த உடம்பு, வீட்டில் எப்போதும் சாம்பல் நிறச் சோட்டி, கால்வரை தொங்கும் நீளச் சட்டை. நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலிக்கொடி, அதில் கொளுவிய இரண்டு சட்டை ஊசிகள். கணவரை நான் அந்த வீட்டில் கண்டதில்லை. ஒரேயொரு மகன், கஜன். கடைகளுக்கும் வீடுகளுக்கும் கண்காணிப்புக் கமரா பொருத்தும் கொம்பனியில் வேலை. “எங்கட வீட்டில ரெண்டு பேருக்கும் ஒரே தொழில், அக்கா,” என்பான் என்னிடம். “அம்மாக்குத்தான் சம்பளம் இல்லை.”

எனக்கு அப்போது கொட்டாஞ்சேனையில், துறைமுகச் சாமான் விடுவிக்கும் ஓர் அலுவலகத்தில் கடிதம் அடிக்கிற வேலை. அதை முதல் நாள் சொன்னபோது, கதவிடுக்கில் இருந்த விரல்கள் சங்கிலியைப் பிடித்தன.

“கொட்டாஞ்சேனையோ? எந்த ரோட்டு?”

சொன்னேன். மறுநாளிலிருந்து என்னை இரண்டு தடவை வாசித்தார். கதவடியில் ஒருமுறை, பிறகு பல்கனியிலிருந்து ஒருமுறை. ஒழுங்கை முடிந்து கோல் ரோட்டுக்குத் திரும்பும்போது அண்ணாந்து பார்த்தால் மூன்றாம் மாடியில் சாம்பல் நிறம் தெரியும். உதடுகள் அசையும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது தேவாரம் போல இருக்கும்.

ஒரு நாள் செருப்பு வார் அறுந்து, அலுவலக மேசைக்குக் கீழே வைத்திருந்த பழைய நீலச் செருப்போடு வீடு திரும்பினேன். கதவு திறந்தது. வாசிப்புத் தொடங்கியது. பாதத்துக்கு வந்ததும் குரல் நின்றது.

“இது காலமை போட்ட செருப்பு இல்லை.”

“அறுந்துபோச்சு அன்ரி. அங்க ஒரு சோடி வச்சிருக்கிறனான்.”

“அங்க வேற செருப்பு இருக்குதோ?” சங்கிலி கழன்றது. முதல் தடவையாக அவர் நடைபாதைக்கு வந்தார். முகம் வெளிறி, மேலுதட்டில் வியர்வை. “எத்தினை நாளா? வேற என்ன வச்சிருக்கிறாய்? குடை? சால்வை?”

“ஒரு குடை...”

“என்ன நிறம்?”

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது பயம். தெருவில் ஒரு நாய் காரணமில்லாமல் நம் முதுகுக்குப் பின்னால் எதையோ பார்த்துக் குரைத்தால் வருமே, அந்தப் பயம்.

“சிவப்பு,” என்றேன்.

“மாத்தினால் சொல்லிப்போட்டு மாத்தவேணும் பிள்ளை,” என்றார். என் கையைப் பிடித்திருந்தார். அவருடைய விரல்கள் குளிர்ந்து கிடந்தன. “ஒரு மெசேச் போடு. செருப்பு மாத்தினனான் எண்டு. அவ்வளவுதான். அதுக்கு என்ன வெக்கம்?”

அதன் பிறகு நான் மெசேச் போடத் தொடங்கினேன். சக ஊழியர்கள் யாருக்கு என்று கேட்டால் பொய் சொன்னேன்.

காரணம் தெரிய வந்தது ஒரு மழை மத்தியானத்தில். கரண்ட் இல்லை. கடல் பக்க யன்னல்கள் எல்லாம் சாத்தி, அவருடைய குசினியில் இருவரும் அரிசி புடைத்துக்கொண்டிருந்தோம். மூலையில் மூடிபோட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி. பச்சையரிசி எடுக்க அவர் அரிசி அளக்கும் சுண்டை அதற்குள் விட்டு அள்ளினார். சுண்டு எதிலோ இடித்தது. பிறகு, மழைச் சத்தத்துக்குக் கீழே, வாளிக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம். டிக் டிக் டிக் டிக்.

நான் எழுந்துவிட்டேன்.

“இரு, இரு,” என்றார். “அது ஆடினால் ஓடுறது. கொஞ்ச நேரத்தில நிண்டிடும்.”

அரிசிக்குள் கையை விட்டு ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்தார். விரித்தார். தங்கநிற மணிக்கூடு. பெரிய வட்டம், சுற்றிவரக் கல், அந்த இருட்டிலும் கண்ணைக் குத்தியது. சாவி கொடுக்கத் தேவையில்லாதது. கை அசைந்தால் தானே ஓடும் வகை.

“இதுக்கும் எனக்கும்தான் கதை,” என்றார். அன்றைக்குச் சொன்னதை அதற்கு முன் யாரிடமும் அவர் சொன்னதில்லை, மகனிடம்கூட.

அவருடைய கணவரிடம் இரண்டு மணிக்கூடுகள் இருந்தன. இந்தத் தங்கம், சுவிஸில் இருந்த அவருடைய அண்ணர் கலியாணத்துக்கு அனுப்பியது. மற்றது அவரே ஆசைப்பட்டு வாங்கியது. மெல்லியது, கறுத்த தோல் பட்டி, வெள்ளை முகம், இலக்கங்கள்கூட இல்லை. அதுதான் விலை கூட, பார்த்தால் தெரியாது. அந்த மனிசனுக்கு அதில் ஒரு பெருமை. தெரிந்தவனுக்கு மட்டும் தெரியும் என்பார். இரண்டும் அலுமாரியின் இழுப்பு லாச்சிக்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். அவர் வேலைக்குப் போனதும் கொட்டாஞ்சேனைக்குத்தான். அந்த வருடங்களில் வெளிக்கிடும்போது ஒவ்வொரு நாளும் குசினி வாசலில் நின்று கேட்பாராம்: “எதைக் கட்ட?”

அன்ரி திரும்பிப் பார்த்து, நாளைப் பொறுத்துச் சொல்வார். ரோட்டில் கெடுபிடி என்றால், கண்ணுக்குப் படாததைக் கட்டுங்கோ. யாரையாவது சந்திக்கப் போகிறார் என்றால், நாலு பேர் மதிக்கிற மாதிரி தங்கத்தைக் கட்டுங்கோ.

“அண்டைக்கு அடுப்பில பால். பொங்கி வழியிற நேரம். ‘எதைக் கட்ட?’ எண்டார். நான் திரும்பேல்ல பிள்ளை. ‘ஏதோ ஒண்டைக் கட்டிக்கொண்டு போங்கோவன்’ எண்டனான். கதவு சாத்துற சத்தம் கேட்டது. பால் வழியேல்ல. நேரத்துக்கு இறக்கிப்போட்டன்.”

அவர் திரும்பி வரவில்லை. போர் நடந்த அந்த வருடங்களில் அப்படிப் பலர் வரவில்லை. கஜனுக்கு அப்போது ஐந்து வயது. பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது, என்ன உடுத்தியிருந்தார் என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து லாச்சியைப் பார்த்தார் அன்ரி. தங்கமும் இல்லை, கறுப்புப் பட்டியும் இல்லை. கறுப்புப் பட்டியில் நேரம் பிந்துகிறது, திருத்தக் குடுக்கவேணும் என்று போன கிழமை கணவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்படியானால் அது திருத்துகிற இடத்தில். கட்டிப் போனது தங்கம். திரும்பப் போய்ச் சொன்னார், எழுதினார்கள், கையெழுத்து வைத்தார். தங்கநிற மணிக்கூடு, பெரிய முகம், சுற்றிவரக் கல்.

பிறகு அவர் ஒரு போட்டோவோடு கொட்டாஞ்சேனைத் தெரு தெருவாக நடந்தார். எட்டாம் நாள் ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: “அண்டைக்குப் பின்னேரம் ஒராளை ஒரு வான் வண்டிக்குள்ள ஏத்தினதைக் கண்டனான் தங்கச்சி. முகம் தெரியேல்ல, துணி போட்டிருந்தாங்கள். கதவைப் பிடிச்சு நிண்டவர். கை மட்டும் தெரிஞ்சுது. கறுத்த பட்டி மணிக்கூடு.”

“நான் என்ன சொன்னனான் தெரியுமோ?” அன்ரி கேட்டார். வாளிக்குப் பக்கத்தில் மணிக்கூடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. “‘அப்ப அவர் இல்லை’ எண்டனான். சந்தோசமா. அந்த மனிசன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவர். வான் எந்தப் பக்கம் போனது, என்ன நம்பர், ஒண்டும் நான் கேக்கேல்ல. ஒரு பிளேன்ரீ வாங்கிக் குடிச்சுப்போட்டு பஸ் ஏறி வந்திட்டன்.”

பச்சையரிசி பொங்கலுக்கென்று வைத்தது. அந்த வருடம் அவர்கள் பொங்கவில்லை. தை கழிந்து மாசியில், வண்டு விழுந்திருக்குமோ என்று வாளியைத் திறந்து கையை விட்டபோது கைக்குட்டை அகப்பட்டது. வீடு சோதிக்க வருவார்கள் என்ற பயத்தில் கணவரே ஒளித்து வைத்திருக்கிறார். மனைவிக்குச் சொன்னால் அவள் பயப்படுவாள் என்று சொல்லாமல் வைத்திருக்கிறார். அன்றே ஓடினார் அன்ரி. தேத்தண்ணிக் கடை இருந்த இடத்தில் போன் கடை. பழைய ஆள் எங்கே போனார் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

டிக் சத்தம் நின்றது. மழையும் கொஞ்சம் விட்டிருந்தது. அவர் பொட்டலத்தை மடித்து மறுபடி அரிசிக்குள் புதைத்தார், ஒரு குழந்தைக்குப் போர்த்துவது போல மேலே அரிசியை இழுத்துவிட்டார்.

அடுத்த வருடம் சுவிஸ் பெரியப்பா வந்தார், அந்த அண்ணர். பெரிய தொப்பை, பெரிய சிரிப்பு, கை நிறையச் சொக்லேட். என்னையும் கூப்பிட்டார்கள். மேசையில், கஜனுக்கு முன்னால், இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தார்.

“மோனே, ஒண்டை எடு. மற்றதை எனக்கு மருமோனா வரப்போறவனுக்குக் குடுப்பன். முதல் தெரிவு உனக்கு.”

ஒரு பெட்டியில் தங்கம். நீல முகத்துக்குள் மூன்று குட்டி வட்டங்கள், விளிம்பில் கல், கலியாண மண்டபத்து வாசல் போல. மற்றதில் மெல்லிய வெள்ளி வட்டம், கறுத்த பட்டி, வெள்ளை முகம். இலக்கங்கள் இல்லை.

நான் அன்ரியைப் பார்த்தேன். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கஜன் கறுப்புப் பட்டியை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தான். “இதுதான் பெரியப்பா. இதுதான் கிளாஸ்.”

“அப்பன்ர குணம் அப்பிடியே வந்திருக்கு!” பெரியப்பா தொடையில் தட்டினார். “அவனும் உப்பிடித்தான். நான் அனுப்பினதைக் கட்டவே மாட்டான். சரியான ஆள் நீ. இதுதான் விலையும் கூட.”

“மற்றதைக் கட்டு,” என்றார் அன்ரி.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“அம்மா, அதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனால் எங்கட முதலாளி என்னட்டச் சம்பளம் கேப்பார்.”

“கேக்கட்டும். மற்றதைக் கட்டு.”

“என்ன பிள்ளை, இந்த வயசில உனக்கு மினுக்கம் பிடிச்சிட்டுதோ?” என்றார் பெரியப்பா.

“அத்தான், அது தூரத்தில தெரியும். பஸ்ஸுக்குள்ள இருந்தாலும் தெரியும். கண்டவைக்கு ஞாபகம் இருக்கும். ஆரும் வந்து கேட்டால் சொல்லுவினம்.”

“ஆர் வந்து கேக்கிறது?”

கஜன் மெதுவாக, “அம்மா, இப்ப காலம் வேறயம்மா,” என்றான். “சந்திக்குச் சந்தி கமரா இருக்கு. நானே எத்தினை பூட்டியிருக்கிறன். ஆரும் பார்த்துச் சொல்லத் தேவையில்லை.”

“நீ பூட்டின கமராவை ஆர் பார்க்கிறது? நானோ? கேட்டால் எனக்குக் காட்டுவாங்களோ?”

“கொட்டாஞ்சேனைப் பக்கம் போற ஆள் நான். அங்க கடைக்காரர் எல்லாம் கப்பம் கேட்டுப் போன் கோல் வருதெண்டுதான் கமரா பூட்டுறாங்கள். அந்த ரோட்டில தங்கத்தைக் கட்டிக்கொண்டு போகச் சொல்லுறியளோ? கையோட வெட்டிக்கொண்டு போவாங்கள்.”

இரண்டு பயங்கள் ஒரு மேசையில் எதிரெதிராக இருந்தன. ஒருவருக்கு மகன் யார் கண்ணிலும் படாமல் போய்விடுவானோ என்று. மற்றவனுக்குத் தான் யார் கண்ணிலாவது பட்டுவிடுவேனோ என்று. நான் இரண்டு பேர் பக்கமும் இருந்தேன்.

பெரியப்பா இளகிய மனிசர். “சரி, அழாதேங்கோ ரெண்டு பேரும். ரெண்டையும் வச்சுக்கொள். மருமோனுக்கு வேற வாங்குவன். ஒரு நாளைக்கு இது, ஒரு நாளைக்கு அது.”

அன்ரி அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. “வேண்டாம்! வீட்டில ரெண்டு வேண்டாம்! ஒண்டுதான் இருக்கவேணும்!”

ரயில் ஒன்று போனது. அலுமாரிக் கண்ணாடி நடுங்கி அடங்கியது. பிறகு அவர், களைத்துப்போன குரலில், “அவனுக்குப் பிடிச்சதையே எடுக்கட்டும்,” என்றார். “ஆனா ஒண்டு மட்டும்.”

தங்கம் பெட்டிக்குள் போனது. கஜன் கறுப்புப் பட்டியைக் கட்டப்போனான். “தா இங்க,” என்று அன்ரி வாங்கினார். திருப்பினார். தாலிக்கொடியிலிருந்து ஒரு சட்டை ஊசியைக் கழற்றி, பளபளத்த பின்பக்கத்தில் ஊன்றி இழுத்தார். உலோகத்தில் ஊசி கீறும் சத்தம் என் பல்லுக்குள் போனது.

“ஐயோ! என்ன செய்யிறாய்! பைத்தியமோ உனக்கு!” பெரியப்பா பாய்ந்தார்.

மூன்று கோடுகள். சின்னதாக, சரிவாக. ஊதிவிட்டு, மகனுடைய இடக்கையில் தானே கட்டிவிட்டார்.

“இப்ப இது கடையில இருக்கிறது மாதிரி இல்லை. இது ஒண்டுதான்,” என்றார்.

அன்றிலிருந்து காலை வாசிப்பு நீண்டது. கஜன் வாசலில் நிற்பான், பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையை நீட்டுவான். “சாம்பல் ரீசேட். நீலக் காற்சட்டை. கறுத்த சப்பாத்து. இடக்கை, கறுத்த பட்டி, வெள்ளை முகம், பின்னால மூண்டு கோடு.” அதைச் சிங்களத்திலும் பாடமாக்கியிருந்தார். கலு பட்டிய, சுது மூண. கடையில் மிச்சக் காசு கேட்கத் தடுமாறும் அவருக்கு நிறங்களும் உடுப்புகளும் மட்டும் சிங்களத்தில் தண்ணீர் பட்டபாடு. யாரிடம் சொல்லக் கற்றுக்கொண்டார் என்பதை நான் யோசிக்காமல் இருக்கப் பழகினேன்.

ஐந்தாம் வருடம், ஒரு பௌர்ணமிப் போயா நாளில் எனக்கு விடுமுறை. கஜனுக்கு வேலை, கடை மூடியிருக்கும் நாளில்தான் கமரா பொருத்த வசதி. பின்னேரம் மூன்று மணிக்குப் போனில் செய்தி வந்தது. கொட்டாஞ்சேனையில் துப்பாக்கிச் சூடு. தெருவில் போன ஒருவருக்கும் காயம், யாரென்று தெரியவில்லை. தெருப் பெயரைப் பார்த்தேன். காலையில் கஜன் போகிறேன் என்று சொன்ன தெரு.

அவனுடைய போன் அடிக்கவில்லை. ஆறு தரம் எடுத்தேன். எதிர்க்கதவைத் தட்ட முன்னரே அது திறந்திருந்தது. அன்ரி சேலை கட்டி, செருப்புப் போட்டு, கையில் குடையோடு நின்றார்.

“ஓட்டோ பிடி,” என்றார்.

வழி முழுக்க அவர் வாய் அசைந்தது. சாம்பல் ரீசேட். நீலக் காற்சட்டை. நான் அவருடைய கையைப் பிடித்தபடி, ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் மற்றக் கையால் கஜனுக்குப் போன் எடுத்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவில் ஒரு தாதி புத்தகத்தோடு இருந்தார். அன்ரி முன்னால் போனார். சுத்தமான சிங்களத்தில், ஒரு சொல் தடக்காமல், மகனுடைய உடுப்பைச் சொன்னார். இடக்கை மணிக்கூடு, ஒரலோசுவ, கலு பட்டிய, சுது மூண. பின்னால மூண்டு கோடு. பதினேழு வருடமாகத் தன்னைத் தயார்படுத்திக்கொண்ட பரீட்சை அது.

தாதி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “அதே மொகுத் நே, அம்மா.” கையில் ஒன்றும் இல்லை. மணிக்கூடு இல்லை.

எனக்கு அழுகை வந்தது. “அப்ப கஜன் இல்லை அன்ரி! அவன் இல்லை!”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். காலரை அல்ல, மணிக்கட்டை அல்ல. ஐந்து வருடத்தில் முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தார்.

“நானும் அப்பிடித்தான் சொன்னனான் பிள்ளை,” என்றார். “அண்டைக்கு.”

பிறகு தாதியிடம், பார்க்கவேணும் என்றார். விடவில்லை. அன்ரி நகராமல் நின்றார். தாதி அவருடைய பொட்டையும் தாலியையும் பார்த்தார், ஏதோ யோசித்தார், திரையை விலக்கினார்.

கஜன் இல்லை. நாற்பது வயதிருக்கும் யாரோ ஒருவர், வாயில் குழாய், நெஞ்சில் கட்டு. அன்ரி கட்டிலடியில் நின்று அவரைப் பாதத்திலிருந்து மேல் நோக்கி ஒரு தடவை பார்த்தார். வெளியே வந்ததும் தாதியிடம் சொன்னார், எழுதி வையுங்கோ என்று. உடுத்திருப்பது கட்டமிட்ட சாரம். வலக்கால் பெருவிரலில் நகம் இல்லை. இடுப்பில் கறுத்த கயிறு. இவரைத் தேடி ஆரோ வருவினம். தாதி எழுதினார்.

வாசலில் நின்றபோது என் போன் அடித்தது, தெரியாத இலக்கம். கஜன். பொலிஸ் தெருவை மறித்துக் கடைக்குள்ளேயே இரண்டு மணித்தியாலம் வைத்திருந்தார்களாம், போனில் சார்ஜ் இல்லையாம், இது கூட வேலை செய்கிறவனுடைய போனாம். ஆஸ்பத்திரி என்றதும் ஓட்டோவில் வந்து இறங்கினான். சாம்பல் ரீசேட். நீலக் காற்சட்டை. கறுத்த சப்பாத்து. தலையெல்லாம் சுவரில் துளைபோட்ட தூசி.

அன்ரி அவனுடைய இடக்கையைப் பிடித்துத் திருப்பினார். வெறும் கை.

“எங்க?”

அவன் சிரிக்கப் பார்த்தான். தோள்பைக்குள் கையை விட்டு ஒரு காலுறையை எடுத்தான். அதற்குள்ளிருந்து கறுப்புப் பட்டியும் வெள்ளை முகமும் வந்தன. “இருக்குதம்மா. பயப்பிடாதேங்கோ. அந்த ரோட்டில ஆர் கட்டிக்கொண்டு திரியிறது? கோல் ரோட்டில பஸ் ஏற முன்னம் கழட்டி உள்ள வச்சிடுவன்.”

“இண்டைக்கோ?”

“ஒவ்வொரு நாளும்தான்.”

நான் அன்ரி கத்துவார் என்று நினைத்தேன், அல்லது விழுந்துவிடுவார் என்று. பிடிக்க நெருங்கினேன். அவர் மணிக்கூட்டை வாங்கவுமில்லை, பார்க்கவுமில்லை. மகனுடைய கையை விட்டார். நிமிர்ந்தார். ஆஸ்பத்திரி வாசலில், ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு போக, அவனுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். நெற்றி. புருவம். மூக்கு. மெதுவாக, ஒவ்வொன்றாக. இடக்கண்ணுக்குக் கீழே வந்ததும் பார்வை நின்றது. சேலைத் தலைப்பை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தார்.

“தூசு இல்லையம்மா,” என்றான் கஜன். “அது மச்சம்.”

“எப்ப வந்தது?”

“ரெண்டு மூண்டு வருசமா இருக்கு.”

அவர் தலைப்பின் நுனியை நாக்கில் நனைத்து இன்னும் ஒருமுறை, அழுத்தி, துடைத்துப் பார்த்தார்.

போகவில்லை.